மூணு கட்டை டார்ச்சும் லேசர் வாளும்

புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறை உண்டு. ஸ்டார் வார்ஸ் படங்களில் ஒளியே அலகாக நீளும் லேசர் வாள் வரும் இல்லையா, அதற்கான கைப்பிடியை ஆசையாக வரைந்து அங்கே கொண்டுபோயிருந்தேன். தாள் முழுக்க வளையங்களும் பள்ளங்களும், நடுவில் கைக்கு வாகான இடுப்பும். பட்டறை அண்ணன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உள்ள என்ன போகுது தம்பி? அத மொதல்ல சொல்லுங்க. வெளிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். என் வரைபடத்தில் அதற்குப் பதிலே இல்லை. வீட்டுக்கு வந்து, உள்ளே இருந்து வெளியே என்று மறுபடி வரைந்தேன்.

அக்கா மகனுக்காக எடுத்த வேலை இது. சிலம்பம் கற்கிறான். பள்ளி ஆண்டு விழாவில் கம்புக்குப் பதில் ஒளி வாளைச் சுற்ற வேண்டும் என்பது அவன் ஆசை.

பெயரில்தான் லேசர். உண்மையான லேசர் கதிரால் வாள் செய்ய முடியாது. ஒளி மூன்றடி போய்ச் சட்டென்று நிற்காது, எதிலாவது மோதும் வரை போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் அது தெரியாது. வீட்டில் சாம்பிராணி போடும்போது ஒரு லேசர் பாயிண்டரை அடித்துப் பாருங்கள், யார் கண்ணிலும் படாமல். புகை இருக்கும் இடத்தில் மட்டும் கோடு தெரியும், புகை கலைந்ததும் கோடும் போய்விடும். ஒளியை நம் பக்கம் சிதறடிக்க ஏதாவது பொருள் நடுவில் வேண்டும். சாம்பிராணிப் புகை செய்யும் அந்த வேலையை லேசர் வாளில் பால்நிற பாலிகார்பனேட் குழாய் செய்கிறது. அக்ரிலிக் குழாய் பார்க்க அழகுதான், ஆனால் அடிபட்டால் சில்லுச் சில்லாக உடையும். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும்.

1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு லேசர் வாளின் பிடியைப் புதிதாக வார்த்து எடுக்கவில்லை. கலைத் துறையில் இருந்த ரோஜர் கிறிஸ்டியன், பழைய கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் பிடியை எடுத்து, அதில் ரப்பர் பட்டைகளை ஒட்டினார். அந்த ஃபிளாஷ் பிடி மூன்று பெரிய டார்ச் பேட்டரி போடுவதற்காகச் செய்தது. ஒரு பேட்டரியின் விட்டம் 34 மி.மீ. அதைச் சுற்றிக் கொஞ்சம் உலோகம் சேர்ந்தால் ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மி.மீ. கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் தாத்தா கையில் கொண்டுபோன மூணு கட்டை டார்ச்சைப் பிடித்தவர்களுக்கு அந்தப் பருமன் கைக்குத் தெரியும். உலகமே பார்த்த அந்த வடிவத்தின் அளவை முடிவு செய்தது உள்ளே போன பேட்டரிதான். இன்றும் பிடி செய்பவர்கள் பெரும்பாலும் ஒன்றரை இஞ்சைச் சுற்றியே நிற்கிறார்கள். நாங்களும் ஒன்றரை இஞ்ச் அலுமினிய ராடே வாங்கினோம்.

சரி, குழாய்க்குள் ஒளி எப்படி? ஒரு மீட்டரில் 144 எல்இடி இருக்கும் பட்டைகள் கடையில் கிடைக்கின்றன. இரண்டை முதுகோடு முதுகு ஒட்டி உள்ளே விட வேண்டும். 80 செ.மீ. நீளத்துக்குப் பட்டைக்கு 115 என்று மொத்தம் 230 விளக்குகள். ஏன் இவ்வளவு நெருக்கம்? 144 என்றால் விளக்குக்கு விளக்கு 7 மி.மீ. இடைவெளி. விளக்கிலிருந்து குழாய்ச் சுவர் எட்டு ஒன்பது மி.மீ. தள்ளி இருக்கிறது. அந்தத் தூரம் போவதற்குள் பக்கத்து விளக்குகளின் ஒளி ஒன்றோடொன்று கலந்துவிடும். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள மலிவான பட்டையில் இடைவெளி கிட்டத்தட்ட 17 மி.மீ. அங்கே கலக்காது, திருவிழா சீரியல் லைட் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பட்டையில் உள்ள ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக ஏவ ஒரே ஒரு தகவல் ஒயர் போதும். பந்தியில் இலைக்கட்டை ஒரு முனையில் கொடுத்தால், முதல் ஆள் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் தள்ளுவார் இல்லையா, அதே முறை. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிறு சில்லு (சிப்) உண்டு. வரும் தகவலில் முதல் 24 பிட்டைத் தன் நிறமாக வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்பும். ஒரு விளக்குக்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 30 பங்கு. இரண்டு பட்டைக்கும் ஒரே தகவல் போவதால், 115 விளக்கும் நிறம் வாங்கி முடிக்க நொடியில் இருநூற்று ஐம்பதில் ஒரு பங்குகூட முழுதாக ஆகாது. பொத்தானை அமுக்கியதும் வாள் அடியிலிருந்து நுனி வரை வளர்வது போலக் காட்ட முடிவதெல்லாம் இந்தப் பங்கீட்டால்தான்.

ஆனால் மின்சாரம் இவ்வளவு சுலபமாகப் பங்காகாது. ஒரு விளக்கில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று உண்டு, ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். முழு வெள்ளை எரிந்தால் 230 விளக்குக்கு 13.8 ஆம்பியர். வீட்டில் 1000 வாட் ஐயர்ன் பாக்ஸ் எடுப்பதே நாலரை ஆம்பியருக்குள்தான்! வோல்டேஜ் குறைவு என்பதால் ஷாக் அடிக்காது, ஆனால் ஒயர் சூடாவது ஆம்பியரைப் பொறுத்தது. பட்டையில் இருக்கும் செம்பு மிக மெல்லியது, நுனிக்குப் போகப் போக வோல்டேஜ் இறங்கும். நீலமும் பச்சையும் எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். அதனால் வெள்ளை வாளின் நுனி முதலில் மஞ்சளாகி, பிறகு சிவக்கும். முதல் தடவை நான் எரித்தபோது அப்படித்தான் நுனி சிவந்தது. பட்டை கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நீலம் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். 4.6 ஆம்பியர், நுனியும் அதே நீலத்தில் நின்றது.

இதற்குச் சக்தி தருவது 18650 என்ற லித்தியம் செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அந்த எண்ணே அளவுதான். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் செல்லின் உடம்பு முழுக்க எதிர்முனை. மேலே நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்புகூட எதிர்முனைதான், வெளியிலிருந்து எதுவும் இரண்டையும் சேர்த்துத் தொடாமல் தடுப்பது மெல்லிய ஒரு பிளாஸ்டிக் உறை. அது கிழிந்த செல்லை அலுமினியக் குழாய்க்குள் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஆகவே செல், விளக்கையும் ஒலியையும் ஏவும் மின்சுற்றுப் போர்டு, ஸ்பீக்கர் மூன்றும் உட்கார 3டி பிரிண்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டில் செய்து, அதை மொத்தமாகப் பிடிக்குள் நுழைத்தோம். உறை கிழிந்த செல்லைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இப்போது அண்ணனுக்குப் பதில் இருந்தது. தொட்டில் போக உள்ளே 32 மி.மீ. துளை, வாய்ப்பக்கம் குழாய் உட்கார ஒரு இஞ்ச் துளை. வெளியே ஒன்றரை இஞ்ச், உள்ளே ஒரு இஞ்ச் என்றால் வாயில் மிஞ்சும் சுவர் கால் இஞ்ச், பட்டறைக் கணக்கில் இரண்டு நூல். குழாயை இறுக்கும் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு அந்த இரண்டு நூலில்தான் மரை போட வேண்டும். அலுமினியம் மென்மையான உலோகம், ஸ்க்ரூ விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது மரை இருந்தால்தான் பிய்த்துக்கொண்டு வராது. 6 மி.மீ. வேண்டும், 6.35 இருந்தது. வாயைச் சுற்றி நான் வரைந்திருந்த அழகான பள்ளத்தை அண்ணன் அடித்துவிட்டார்.

குழாயையே கையோடு கொண்டுவரச் சொல்லி, அதை அளந்த பிறகுதான் துளை போட்டார். குழாய் 25.4 இருந்தால் துளை 25.5. வெட்டும்போது மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார், இல்லாவிட்டால் அலுமினியம் டூல் முனையில் அப்பிக்கொள்ளும். நான் வெர்னியரை நீட்டியதும் கையை விலக்கிவிட்டார். "சூட்டோட அளக்காதீங்க, ஆறட்டும்." 50 டிகிரி சூடேறிய துளை ஆறும்போது 0.03 மி.மீ. சுருங்கும். விட்டிருக்கும் இடைவெளியே 0.1 தான். சித்திரை வெயிலில் குழாய் இறுகிவிடுமோ என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 டிகிரி ஏறினால் பாலிகார்பனேட் 0.034, அலுமினியம் 0.012 மி.மீ. பெருக்கும். வித்தியாசம் 0.02, பயமில்லை.

28 செ.மீ. ராடு முழுசாக இருந்தபோது 860 கிராம். குடைந்த பிறகு 300 கிராம் அளவுக்கு வந்தது. இதையே பித்தளையில் செய்தால் முக்கால் கிலோவைத் தாண்டும்.

பையன் கையில் வாங்கியதும் சுற்றிப் பார்த்து, "வாள் இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா நல்லா இருக்கும் மாமா" என்றான். பத்து சென்டிமீட்டர் கூட்டினால் குழாயின் எடை எட்டில் ஒரு பங்குதான் ஏறும். ஆனால் சுற்றுவதற்குக் காட்டும் எதிர்ப்பு நீளத்தின் மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏறும். 80 செ.மீ. 90 ஆனால் அந்த எதிர்ப்பு 42 சதவீதம் கூடுதல். மணிக்கட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் அதைத் தாங்க வேண்டும். 80இலேயே நிறுத்தினோம்.

சுற்றும்போது வரும் உறுமலுக்குப் போர்டில் ஒரு உணரி இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஊஞ்சல் அது, எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். வாள் திரும்பினால் ஊஞ்சல் பக்கவாட்டில் ஒதுங்கும், எவ்வளவு ஒதுங்கியது என்பதிலிருந்து சுழலும் வேகம் கிடைக்கும். வேகத்துக்கு ஏற்ப இரண்டு ஒலிகளைக் கூட்டிக் குறைத்துக் கலக்குகிறார்கள்.

எல்லாம் பூட்டி முடித்தும் சத்தம் மட்டும் எடுபடவில்லை, டப்பாவுக்குள் கொசு மாதிரி இருந்தது. ஸ்பீக்கர் முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் இழுக்கும். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், அதிலும் தாழ்ந்த ஒலி முதலில் போகும். ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வைத்து அடைத்தோம். அண்ணன் அடிமூடியில் ஆறு துளை போட்டு, பிசிறு எடுத்து, பூட்டிக் கொடுத்தார். பொத்தானை அமுக்கி, மூடியைக் காதோரம் வைத்துக் கேட்டார்.

"இப்பத்தான் உறுமுது."