"ஊர்ல எந்தத் தெரு?"

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் சொல்லிவிடுகிறோம். அடுத்து "ஊர்ல எந்தத் தெரு?" என்று வந்ததும் உள்ளே சுருக்கென்கிறது. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் "கவிச்சி சமைப்பீங்களா?" என்று கேட்பதும் அதே ரகம். கூட வேலை செய்பவர் அதையே கேட்டால் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு வரைக்கும் விலாவாரியாகச் சொல்வோம்.

தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஒரு இடைவெளி கண்ணில் பட்டால் அதை நிரப்பும் வரை மனசு சும்மா இருக்காது, ஆர்வம் என்பது இதுதான் என்று 1994-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் விளக்கினார். அதாவது ஒரு அரிப்பு மாதிரி, அதில் நல்லது கெட்டது ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்பவர் மனசுக்குள் இருப்பது அரிப்பா, கணக்கா என்று நமக்குத் தெரியாதே! அதனால் வெளியே தெரிவதை வைத்து ஊகிக்கிறோம்: வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறது, பதில் பிடிக்காவிட்டால் நஷ்டம் யாருக்கு, நாம் திருப்பிக் கேட்டால் அவர் பதில் சொல்வாரா. கேள்விக்கு மார்க் போடுவது இப்படித்தான்.

சரி, கேட்பவரின் சொந்தக் கூட்டம் சும்மா இருக்குமா? அவர்கள் கவலை வேறு, "இவன் அந்தப் பக்கம் சாய்கிறானோ" என்பது.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இரண்டு பக்கமும் மாட்டியவர். மதம் மாற்ற வந்தவர்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் தமிழ் படித்தார், சுவடிகள் சேர்த்தார், இங்குள்ளவர்களிடம் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார். பதில் எழுதியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, ஐரோப்பியர்கள் மாட்டிறைச்சி தின்பதையும் குடிப்பதையும் சுத்தமில்லாமல் இருப்பதையும் சேர்த்தே எழுதி அனுப்பினார்கள். திருப்பிக் கொடுக்க வழி இருந்ததால்தான் அந்தக் கடிதப் போக்குவரத்து ஓடியது என்று எனக்குத் தோன்றுகிறது.

இடி விழுந்தது சொந்த வீட்டிலிருந்து. 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அந்த மதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்ற தொனியில் அங்கிருந்து மிஷனை வழிநடத்திய ஃபிராங்கே கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள். நூல் அச்சேறவில்லை. 1719-இல், 36 வயதில் சீகன்பால்கு இறந்துபோனார். அந்தக் கையெழுத்துப் பிரதி கடைசியில் 1867-இல்தான் புத்தகமானது, அதுவும் சென்னையில்.