அமைச்சர் சொன்ன பதிலுக்கு சீல் குத்த முடியுமா?

வாட்ஸ்அப் வீடியோ ஒன்றை மொழிபெயர்த்து சீல் குத்தித் தரச் சொல்லி என்னிடம் ஆட்கள் வந்தது அதுதான் முதல் தடவை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி (நிலப் பத்திரம்), பொலிஸ் முறைப்பாடு, எப்போதாவது ஒரு தீர்ப்பு. என் மேசைக்கு வருவது இவ்வளவுதான். அன்றைக்கு வந்தவர்கள் ஒரு தேயிலைத் தோட்டத் தலைவரும், வேலையிலிருந்து விலகிப் பல வருஷமான ஓர் அம்மாவும். போனில் ஐம்பது செக்கன் ஓடும் துண்டு. மூத்த அமைச்சர் ஒருவர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று சிங்களத்தில் பதில் வாசிக்கிறார். யாரோ அதன் கீழே மஞ்சள் எழுத்தில் தமிழில் போட்டிருந்தார்கள்: வீடுகள் கட்டி முடிந்துவிட்டன, காணி உறுதியும் கிடைக்கப் போகிறது.

"மிஸ், இதை அப்படியே தமிழ்ல அடிச்சு சீல் வச்சுக் குடுங்க. தொரைகிட்டக் காட்டணும்" என்றார் தலைவர். தொரை என்றால் தோட்டத்து மேனேஜர்.

அம்மா அவ்வளவு அவசரப்படவில்லை. "எங்க தோட்டத்துல எந்த மூலையில கட்டுனாங்கன்னு அதுல சொல்றாரான்னு மட்டும் பாரு புள்ள" என்றார்.

சீல் குத்தவில்லை. ஏன் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு இதே மாதிரி வீடியோவோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன்.

யாரோ வெட்டி ஒட்டிய துண்டை நான் ஆவணமாக எடுக்க முடியாது. பாராளுமன்றத்தில் பேசியதற்கு ஆவணம் ஹன்சாட், அதாவது சபையில் பேசியதை அப்படியே அச்சிடும் அறிக்கை. அமர்வு நடந்த திகதி தெரிந்தால் போதும், பாராளுமன்ற இணையத்தளத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். திகதி தெரியாவிட்டால் வீடியோவைப் பகிர்ந்தவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் அந்த வீடியோவை அங்கேயே விட்டுவிடுங்கள். பழைய ஆட்சியில் பழைய அமைச்சர் சொன்னதெல்லாம் நேற்றுச் சொன்னதாகச் சுற்றுகிறது.

ஹன்சாட்டைத் திறந்தால் நம் ஆட்களுக்கு ஒரு தடங்கல் வரும். வாய்மூல விடைக்கான வினா சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சாகியிருக்கும். பதிலோ அமைச்சர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில் மட்டும். சபைக்குள் காதில் மாட்டிக் கேட்க உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு, அச்சில் அது இல்லை. ஆகவே கேள்வி நமக்குப் புரியும், பதில் புரியாது. மஞ்சள் எழுத்துக்காரர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

கேள்வியின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். (அ) என்று தொடங்கி, அதற்குள் (i), (ii), (iii) என்று பிரிந்து, 'என்பதையும் அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?' என்று நடந்து, கடைசியில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும்: 'இன்றேல், ஏன்?' இந்த இரண்டு சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். இதற்கு அமைச்சர்கள் நிறையத் தடவை சொல்லும் பதில் 'ஏற்புடையதல்ல'. அதாவது மேலே எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லியாகிவிட்டது, ஆகவே ஏன் என்ற கேள்வியே எழவில்லை என்று அர்த்தம். சரி, மேலே சொன்ன ஆம் எதற்கு என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். தலைவர் கொண்டுவந்த வீடியோவின் முழுப் பதிலை எடுத்துப் படித்தேன். 'வீட்டுத் திட்டம் நடைமுறைப்படுத்தப்படுகிறதா' என்பதற்கு ஆம். 'உறுதி எப்போது' என்பதற்கு 'கவனம் செலுத்தப்பட்டுள்ளது'. தோட்டவாரியாக எத்தனை வீடு என்பதற்கு, விபரம் இணைப்பில், அதைச் சபாபீடத்தில் (சபையின் மேசையில்) சமர்ப்பிக்கிறேன். வீடியோவை வெட்டியவர் ஆம் வரைக்கும் வெட்டியிருந்தார்.

இருபது வருஷமாக அரசாங்கக் கடிதங்களைப் பெயர்த்ததில் வினைச்சொற்களின் எடை எனக்குப் பழகிப்போய்விட்டது. 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது', சிங்களத்தில் 'பியவர கனிமின் பவதீ' என்று வந்தால், யாரோ ஒருவர் ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறார். 'கவனம் செலுத்தப்பட்டுள்ளது' என்றால் கடிதமும் இல்லை, கூட்டத்தில் பேசியதோடு சரி. 'கொள்கையளவில் இணக்கம்' என்றால் யாரும் மறுக்கவில்லை, காசுதான் இல்லை. 'நிதி கிடைத்ததும்' என்றால் இந்த வருஷத்தை மறந்துவிடலாம். 'அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்துள்ளது' என்று வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். எந்தத் திகதியில் கிடைத்தது என்று கேட்க அதில் இடம் இருக்கிறது. வர்த்தமானி (அரசிதழ்) என்றால் இன்னும் பலம், ஆனால் அதுவும் கல்லில் எழுதியது கிடையாது. 2024 மே மாதம் தோட்டத் தொழிலாளரின் 1,700 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வர்த்தமானியே வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, வர்த்தமானி வாபஸ் ஆனது, செப்டெம்பரில் 1,350இல் வந்து நின்றது. பிரட்டில் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் களத்தில்) பட்டாசு கொளுத்தியவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அமைச்சர் வாசிக்கும் பதிலை அமைச்சர் எழுதுவதில்லை. இப்படிச் சொன்னால் சிலர் அதிர்ச்சியாகப் பார்க்கிறார்கள். உறுப்பினர் எழுத்தில் கொடுத்த வினா முதலில் அமைச்சுக்குப் போகும். அங்கிருந்து திணைக்களத்துக்கு, பிறகு மாவட்டச் செயலகத்துக்கு, பிரதேச செயலகத்துக்கு என்று இறங்கும். ஏதோ ஒரு கந்தோரில் ஓர் உத்தியோகத்தர், நாளைக்குள் அனுப்ப வேண்டும் என்ற நெருக்கடியில், இருக்கிற பைலைப் பார்த்து ஓர் அட்டவணை போடுவார். அந்த அட்டவணை மேலே ஏறி ஏறி, ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் சுருங்கி, ஒரு வாக்கியமாகி அமைச்சர் கைக்குப் போகும். பாராளுமன்றம் இருக்கும் தியவன்னா ஓயாவில் கேட்கும் பதில் நம் ஊர்க் கந்தோரில்தான் பிறந்திருக்கும். அது பிழையாக இருந்தால், பிழையும் இங்கேதான் பிறந்திருக்கும்.

தலைவரின் விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அமைச்சருக்கு அனுப்பிய தோட்டவாரி விபரத்தின் பிரதி வேண்டும் என்று மட்டும் கேட்டோம், வேறு வியாக்கியானம் எதுவும் எழுதவில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தக் கந்தோர் இழுத்தது. மேன்முறையீடு செய்வோம் என்று இன்னொரு கடிதம் போன பிறகு வந்தது, அதுவும் சிங்களத்தில். தமிழில் விண்ணப்பித்தவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதற்குச் சண்டை போட்டால் இன்னும் ஒரு மாதம் போகும் என்று நானே பெயர்த்துக் கொடுத்தேன். அது சரியா என்று இன்னும் எனக்கு மனம் உறுத்துகிறது.

அட்டவணையின் மூன்றாவது நிரலின் தலைப்பு 'ஆரம்ப கரன லத'. ஆரம்பிக்கப்பட்டவை. அமைச்சரின் பதிலில் அதே எண் 'இதி கரன லத' என்று, நிர்மாணிக்கப்பட்டவையாக வந்திருந்தது. இரண்டு சொல்லுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, கதவு ஜன்னல் இருக்கிறது. அத்திவாரம் வெட்டி, கல் பரப்பி, மழைக்குப் புல் முளைத்துக் கிடந்த இடமெல்லாம் பாராளுமன்றத்தில் வீடாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சுருக்கும்போது ஒரு மேசையில் சொல் மாறியிருக்கும். எனக்கும் அப்படி மாறியிருக்கிறது, ஒரு உறுதியில் காணி அளவு 'பேர்ச்' 'ரூட்' ஆகி வழக்கு வரைக்கும் போகப் பார்த்தது.

வெளிநாட்டு விவகாரத்துக்கு வருவோம். வெளிவிவகார அமைச்சர் எழுந்தால் நம் வீடுகளில் டிவியை மாற்றிவிடுகிறோம். அது கொழும்புக்காரர்கள் பேச்சு, நமக்கென்ன என்று ஓர் எண்ணம். இந்த நாட்டில் வெளிநாட்டுக் கொள்கை நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த சமூகம் ஒன்று உண்டென்றால் அது நாம்தான். 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்தார்கள். 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, கேள்வி கேட்கத் தாங்கள் தெரிவுசெய்த ஆளில்லாமல் நின்ற காலம் அது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் 1964இல் நியமன உறுப்பினர்தான். வாக்கால் வென்று நுவரெலியாவிலிருந்து அவர் திரும்பிப் போக 1977 ஆனது.

பழைய கதை வேண்டாம் என்றால் தேயிலைக் கொழுந்தைப் பாருங்கள். 2017 டிசம்பரில் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்தது என்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அப்போது இங்கே அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைத் தடை செய்யும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது, ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடு. சில நாட்களில் தேயிலைத் தடை நீங்கியது, அஸ்பெஸ்டஸ் தடையும் பின்னால் தள்ளிப்போனது. பத்திரிகைகள் இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதின. 2021 டிசம்பரில், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் பாக்கியைத் தேயிலையாகத் தீர்க்க ஒப்பந்தமானது. நாம் பறித்த கொழுந்து நாட்டின் கடனை அடைக்கப் போகிறது என்று எந்தப் பிரட்டுக் களத்திலும் யாரும் சொல்லவில்லை.

உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் நடுவில் விழுகிற கேள்விகளில்தான் பதில் அதிகம் தொலைகிறது. தோட்டங்களில் இந்திய நிதியில் கட்டும் வீடுகளையே எடுங்கள். முதலில் 4,000. 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி வந்து இன்னும் 10,000 என்றார். காசு இந்தியாவுடையது, ஆகவே அதை வெளிவிவகார அமைச்சிடம் கேட்கலாம். காணி அரசுடையது, ஆனால் 1992 முதல் கம்பனிகளின் முகாமைத்துவத்தில், நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. ஆகவே பெருந்தோட்ட அமைச்சிடமும் கேட்கலாம். உறுதி கொடுப்பது இன்னொரு கந்தோர். வெளிவிவகார அமைச்சரிடம் இந்தியா உடன்பட்டதா என்று கேட்டால் 'ஆம்' என்பார், உண்மை. பெருந்தோட்ட அமைச்சரிடம் காணி அடையாளம் காணப்பட்டதா என்று கேட்டால் 'ஆம்' என்பார், அதுவும் உண்மை. உறுதியைக் கேட்டால் 'அது எனது அமைச்சின் விடயப் பரப்புக்குள் வராது' என்று இரண்டு பேருமே சொல்லலாம், அதுவும் உண்மை. மூன்று உண்மையைக் கூட்டினால் அம்மாவுக்கு வீடு வரவில்லை. இப்படியான விஷயத்தில் கேள்வியை ஒரே அமைச்சருக்கு அனுப்பக்கூடாது. ஒவ்வொருவரிடமும் அவரவர் கையெழுத்து எந்தத் தாளில் விழ வேண்டுமோ அதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நம்மால் கேட்க முடியுமா என்கிறீர்களா? நேரடியாக முடியாது, உறுப்பினர் ஊடாக முடியும். உறுப்பினர்களுக்கு நன்றாக எழுதிய கேள்வி கிடைப்பது அபூர்வம் என்று அவர்களின் செயலாளர்களே சொல்லியிருக்கிறார்கள். மாலை போட்டு மனுக் கொடுப்பதைவிட, தோட்டத்தின் பெயர், பிரிவு, திட்டத்தின் பெயர், வருஷம் நாலும் போட்ட அரைப் பக்கத்துக் கேள்வியைக் கொடுங்கள். 'மலையக மக்களின் வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு என்ன?' என்று கேட்டால் அமைச்சர் இருபது நிமிடம் பேசுவார், கையில் ஒன்றும் ஒட்டாது. கீழ்ப்பிரிவில் கூரை போட்ட வீடு எத்தனை என்று கேட்டால் அவருக்கு ஓர் எண் சொல்லியாக வேண்டும். எண் சொன்னால்தான், பதிலைப் பிடித்துத் திருப்பிக் கேட்கும் இடையீட்டுக் கேள்விக்கு இடம் கிடைக்கும். கட்சித் தலைவர்களுக்கு, சபையின் விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27(2) என்ற வழியும் இருக்கிறது, ஆனால் அது அவசர விஷயங்களுக்கு. மண்சரிவு போல ஏதாவது என்றால் அதைப் பிடியுங்கள்.

தலைவரும் நானும் அப்படி ஒரு கேள்வி எழுதினோம். ஆரம்பித்தது எத்தனை, முடிந்தது எத்தனை என்று இரண்டையும் வேறு வேறாகக் கேட்டு, கடைசியில் 'இன்றேல், ஏன்?' போட்டோம். உறுப்பினர் ஒருவர் எடுத்துக்கொண்டார். சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்திலும் வந்தது. அன்றைக்குக் கடையைப் பூட்டாமல் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அமைச்சர் எழுந்து, பதிலளிக்க இரண்டு வாரம் கால அவகாசம் கேட்டு உட்கார்ந்துவிட்டார். ஹன்சாட்டில் நம் கேள்விக்குக் கீழே மூன்று மொழியிலும் ஒரு வரி: 'வினா மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கப்படக் கட்டளையிடப்பட்டது.'

இரண்டு வாரம் எப்போதோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு வந்தால் அம்மா கடை வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார். "அந்த மற்றொரு தினம் எந்தக் கெழமைன்னு தெரிஞ்சிச்சா புள்ள?"