இலை மட்டும் செழித்தால் போதுமா? வெப்பப் பகுதியில் வீட்டு உருளைக்கிழங்கு

தோட்டக்கலை ஆலோசனைக்காக எனக்கு வரும் படங்களில் உருளைக்கிழங்குச் செடிகள்தான் பார்க்க மிக அழகாக இருக்கும். நல்ல உயரம், கரும்பச்சை இலை, செடி வளர்க்கும் பை தெரியாத அளவுக்கு அடர்த்தி. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "பையைக் கொட்டினால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்குதான் இருக்கிறது, என்ன உரம் போடலாம்?"

பெரும்பாலும் உரம் காரணமே இல்லை. இரவுதான் காரணம்.

உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைகளின் குளிரில் தோன்றிய பயிர். நாம் தின்னும் கிழங்கு அதன் வேர் அல்ல. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி வீங்கி உருவாவது. இரவு குளிர்ந்தால்தான் இலையிலிருந்து 'வீங்கு' என்ற சமிக்ஞை அந்த நுனிக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான இரவு அதற்கு ஏற்றது. 22 டிகிரியைத் தாண்டினால் கிழங்கு பிடிப்பது குறையத் தொடங்கும். மண்ணே 30 டிகிரியைத் தொட்டுவிட்டால் கிட்டத்தட்ட நின்றுபோகும். அப்போதும் செடி சும்மா இருக்காது, பகலில் சேர்த்த சர்க்கரையைத் தண்டுக்கும் இலைக்கும் செலவழிக்கும், மீதியில் ஒரு பகுதியை வெப்பமான இரவில் சுவாசித்தே தீர்த்துவிடும். அந்தச் செழிப்பைப் பார்த்து ஏமாந்து யூரியாவையும் போட்டால், தழைச்சத்து ஏறி இலை இன்னும் கொழுக்கும், கிழங்கு இன்னும் தள்ளிப்போகும்.

ஆகவே நடும் தேதியைப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நட்டு ஐந்தாறு வாரத்தில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும். ஆண்டிலேயே குளிர்ந்த இரவுகள் எப்போது வருமோ, அந்தச் சமயத்தில் செடி ஐந்தாவது வாரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். 80, 90 நாளில் முடியும் குறுகிய கால ரகமாகவும், வெப்பம் தாங்கும் ரகமாகவும் இருந்தால் நல்லது. உங்கள் இடத்தில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவே 24 டிகிரிக்குக் கீழே இறங்காது என்றால், வெளிப்படையாகவே சொல்கிறேன், சர்க்கரைவள்ளி நடுங்கள். அதற்கு அந்த வெப்பம் பிடிக்கும்.

காற்றைக் குளிர்விக்க முடியாது, மண்ணைக் கொஞ்சம் குளிர்விக்கலாம். கறுப்புப் பை வெயிலை உறிஞ்சி ஓரத்து மண்ணைச் சுட வைத்துவிடும். வெளிர் நிறப் பை எடுங்கள், அல்லது சாக்கைச் சுற்றிவிடுங்கள். மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ கனமாக மூடாக்குப் போடுங்கள். காலை வெயில் முழுசாகக் கிடைக்கட்டும், பிற்பகலில் நிழல் விழட்டும். ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். காயவிட்டு மொத்தமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், கோணலாக முண்டு முண்டாகப் பருக்கும்.

விதைக்கு வருவோம். சமையலறையில் முளைத்ததை நடலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. நட்டால் முளைக்கக்கூடும். ஆனால் அதில் அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி பரப்பிய நச்சுயிரி (வைரஸ்) இருக்கிறதா என்று வெளியே பார்த்துத் தெரியாது. முளைப்பைத் தடுக்கும் மருந்து பட்டதாகவும் இருக்கலாம். சான்று பெற்ற விதைக்கிழங்கே மேல். குளிர்ப் பகுதிகளில் வெட்டி நடுவார்கள், சூடான ஈர மண்ணில் வெட்டுப்பட்ட துண்டு சீக்கிரம் அழுகும். சிறிய கிழங்காகப் பார்த்து முழுசாகவே நடுங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்த்த மண்ணை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், பாக்டீரியா வாடல் நோய் அந்த மண்ணில் காத்திருக்கும். நீர் இருந்தும் செடி பச்சையாகவே திடீரென வாடினால், தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடி டம்ளர் நீரில் நுனி மட்டும் தொடும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழைகள் கீழே இறங்கினால் அந்த நோய்தான். மருந்து தேட வேண்டாம். செடியையும் மண்ணையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். அப்புறம் சாம்பல், சுண்ணாம்பு எல்லாம் வேண்டாம். மண்ணின் காரத்தன்மை ஏறினால் கிழங்கின் தோலில் சொறி நோய் வரும்.

உயரமான பையில் மண்ணை ஏற்றிக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு காய்க்கும் என்று காட்டும் காணொளிகளை நம்பாதீர்கள். குறுகிய கால ரகங்களில் கிழங்கு அடியில் ஒரு பட்டையாகத்தான் பிடிக்கும். மண் அணைப்பது வேறு காரணத்துக்காக, அதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது.

பைகளில் நீர் ஊற்ற ஊற்ற மேல்மண் கரைந்து கிழங்கு வெளியே தலைகாட்டும். அதை மூடி வைக்கத்தான் மண் அணைக்கிறோம். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் பச்சையம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சொலனின் போன்ற நச்சுப்பொருள்களும் கூடுகின்றன. ஒரு கிலோ கிழங்கில் 200 மில்லிகிராம் என்பதே பரவலாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. கூடினால் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். வேகவைத்தாலும் பொரித்தாலும் இது போய்விடாது. இலை, முளை, சிறு தக்காளி போலக் காய்க்கும் காய் எல்லாவற்றிலும் இது அதிகம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை. வெப்பத்தில் வளர்ச்சி நின்ற அந்தக் கோலிக்குண்டுக் கிழங்குகளிலும் எடைக்கு எடை நச்சு கூடுதலாக இருக்கும். 'நம் வீட்டில் விளைந்தது' என்று தோலோடு வேகவைத்துக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். லேசாகப் பச்சை ஓடியதைக் கனமாகச் சீவி எடுக்கலாம். நன்றாகப் பச்சையானதையும் நாக்கில் கசப்பதையும் தூக்கிப் போடுங்கள்.

இலை மஞ்சளாகித் தண்டு சாய்ந்ததும் நீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துத் தோண்டுங்கள். கழுவ வேண்டாம். காற்றோட்டமான இருட்டில் இரண்டு வாரம் பரப்பி வைத்தால் தோல் இறுகும். வெப்பத்தில் நெடுநாள் தாங்காது, சமைத்துத் தீர்த்துவிடுவதே நல்லது. அடுத்த பருவ விதைக்கு என்றும் எடுத்து வைக்காதீர்கள். நச்சுயிரி ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போகும்.