ஐயா, இறந்தவர் பேரைச் சொல்லலையே

நான் குருவானவராகி இரண்டாவது வருடம். சித்திரை வெயிலில் ஒரு துக்க வீட்டுப் பந்தலில் நாற்பது நிமிடம் பிரசங்கித்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, ஆலய வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை பக்கத்தில் வந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. உயிர்த்தெழுதலப் பத்தி நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா எறந்தவர் பேர ஒரு தடவகூடச் சொல்லலையே. அந்தம்மா உங்க வாயவே பாத்துட்டு இருந்தாங்க."

"பரிசுத்த ஆவியானவர் நடத்தினபடி பேசினேன்" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. ஆவியானவர் பேரை இழுத்தபின் யார்தான் பேச முடியும்? மூன்று நாள், ஆலயச் சாவி வாங்கும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தனை வருட ஊழியத்தில் நான் கண்டது: திருத்த வந்தவரை நேராகத் திட்டி அனுப்புகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் மறுப்பு பக்தியாகத்தான் வெளியே வரும். "என் இருதயம் கர்த்தருக்குத் தெரியும்." "ஜெபிச்சுப் பாக்கிறேன்." எங்களைப் போன்ற ஊழியக்காரருக்கென்றே ஒன்று உண்டு: அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே. சங்கீதம் 105-இல் அது, ஊர் ஊராக அலைந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி சொல்லப்பட்டது. கணக்குக் கேட்கிற கமிட்டி அங்கத்தினரின் வாயை அடைக்க அல்ல.

திருத்தம் கேட்கிற விஷயத்துக்கு எல்லாரும், நாத்தான் தீர்க்கதரிசி கண்டித்ததும் பாவத்தை ஒத்துக்கொண்ட தாவீது ராஜாவைச் சொல்வார்கள். எனக்கு யூதாவை ஆண்ட ஆசா ராஜாதான் பயம் தருகிறார். விக்கிரகங்களை அகற்றியவர், விக்கிரகம் செய்த ராஜமாதாவையே பதவியிலிருந்து விலக்கியவர். அப்படிப்பட்டவர் தமது 36-ஆம் வருஷத்தில் ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் சீரியா ராஜாவுக்கு அனுப்பி உதவி வாங்கினார். அது தவறு என்று சொன்ன ஞானதிருஷ்டிக்காரன் (தீர்க்கதரிசி) அனானியைப் பிடித்துக் காவலறையில் போட்டார் (2 நாளாகமம் 16). புது விசுவாசியிடம் ஒரு குறையைச் சொல்வது சுலபம். முப்பது வருடம் நல்லபடியாக நடந்தவரிடம்தான் கஷ்டம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேட்டவுடன் வலிக்கத்தான் செய்யும். சிட்சை, அதாவது கண்டித்துத் திருத்துவது, அந்த நேரத்தில் துக்கமாய்த்தான் காணும் என்று எபிரெயர் 12 ஒளிக்காமல் சொல்கிறது. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம், அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள் என்பேன். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். "சொன்ன விதம் சரியில்லை" என்பது நாம் தப்பிக்கிற பெரிய வாசல். தாளில் விதம் இருக்காது, விஷயம் மட்டும்தான் இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் திருத்தம் என்று விழுங்க வேண்டாம். "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது மத்தேயு 18. மைக்கில் ஜாடையாகக் குத்துவதும், ஒருவர் குறையை ஜெபக் குறிப்பாக்கி ஊருக்குச் சொல்வதும் அதில் சேராது. அடிக்கிற புருஷனைச் சகித்துக்கொள், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் கேட்காதீர்கள். வெளியே உதவி தேடுங்கள்.

நான்காம் நாள் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். கணவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த அடக்க ஆராதனைக்கு, குறிப்புத் தாளின் தலைப்பில் இறந்தவரின் பேரை எழுதி வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, கொஞ்சம் பெருமையாகவே கோயில்பிள்ளையைப் பார்த்தேன்.

"பேச்சு சரிதான் ஐயா. பாட்டுதான் ஒண்ணு கூடிப்போச்சு" என்றார்.