செகண்ட் ஹேண்ட் ரிவால்வர்: வாங்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்

துப்பாக்கி பழுதுபார்ப்பது என் தொழில். தற்காப்புக்கென்று பழைய ரிவால்வர் வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுக்குமுன் என்னிடம் காட்ட வருவதுண்டு. அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது, "பாருங்க, ஒரு கீறல்கூட இல்லை" என்பதுதான். நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். உறையில் உரசி உரசிப் பூச்சு தேய்ந்த ரிவால்வர் அதிகம் சுடப்படாமல் உள்ளே திடமாக இருக்கலாம். பளபளவென்று புதுப்பூச்சு போட்டிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். துருப்பிடித்த குழிகளை யாராவது தேய்த்து மறைத்திருக்கலாம்.

சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் நிரப்பும் சுழலும் உருளையை, திறந்து எல்லா அறைகளும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். விற்பவர் இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னாலும் சரி. அப்புறம் ஹேமரை, அதாவது பின்புறமிருந்து விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியை, மெதுவாகப் பின்னால் இழுங்கள். அது முழுதாக ஏறி நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஓர் அறையில் மட்டும் பூட்டுவது பிந்தும் ரிவால்வர்கள் உண்டு. பிந்தினால் அறையும் குழலும் நேராக அமையாத நிலையில் வெடிக்கும். குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுபவரைவிடப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் அதில் காயம்.

குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடினால் தேய்மானம் என்று அர்த்தம். அடுத்து, ஹேமரை ஏற்றி நிறுத்திவிட்டு, விசையைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். ஹேமர் விழுந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விசை இலேசாக வேண்டும் என்று யாரோ வீட்டு மேசையில் வைத்து உள்பாகங்களைத் தீட்டிய கைவேலையாக இருக்கலாம். அதே ஆசையில் ஸ்பிரிங்கை வலுவில்லாததாக மாற்றியிருந்தால், வேண்டிய நேரத்தில் தோட்டா வெடிக்காமல் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும்.

ரொம்பப் பழைய ரிவால்வர்களில் தோட்டா விவகாரம் இன்னும் சிக்கல். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்காக ஸ்மித் அண்ட் வெஸன் செய்த .38 ரிவால்வர்கள் பல, பிற்பாடு .38 ஸ்பெஷல் தோட்டா போடும்படி அறை நீட்டப்பட்டு விற்கப்பட்டன. அவற்றுக்கென்று முதலில் இருந்த தோட்டா சற்றுப் பருமனானது. அதனால் அறையின் பின்பகுதி புதுத் தோட்டாவுக்குத் தொளதொளவென்று இருக்கும். சுட்டதும் தோட்டாவின் உலோக உறை வீங்கும், சில சமயம் பிளக்கும். .455 வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரின் சிலிண்டரைச் சீவி .45 ஏசிபி தோட்டா போட வைத்தவை இன்னும் மோசம், அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல அந்த இரும்பு. ஆகவே குழலில் பொறித்திருக்கும் தோட்டா அளவை மட்டும் நம்பாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் ஏற்றிச் சுடும் பழைய ரகங்களில், ஹேமருக்கு அடியில் தோட்டா இருக்கும்போது ரிவால்வர் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். ரூகர் நிறுவனம் இதற்கென்று டிரான்ஸ்ஃபர் பார் என்ற தடுப்பை 1973இல் கொண்டுவந்தது. அந்த மாதிரித் தடுப்பு இல்லாதவற்றில் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, ஹேமருக்கு நேரே காலி அறையை வைப்பதுதான் வழக்கம்.

இரும்பின் கோளாறைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். வாங்குபவரைப் பற்றிய கேள்விகளை யாரும் என் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. 'வயதானவர்களுக்கும் புதியவர்களுக்கும் ரிவால்வர்தான் எளிது' என்று ஒரு பேச்சு உண்டு. நிரப்புவதும் திறப்பதும் எளிதுதான். ஆனால் ஹேமரை ஏற்றாமல் விசையை மட்டும் இழுத்துச் சுட ஏறத்தாழ ஐந்து கிலோ இழுப்பு வேண்டும், துப்பாக்கியின் எடையோ பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. டம்மி தோட்டா (வெடிமருந்து இல்லாத போலி) போட்டு, பாதுகாப்பான திசையில் குறிவைத்து இழுத்துப் பாருங்கள். குறிமுனை நடுங்கிக்கொண்டே இருந்தால், நடுராத்திரி பயத்தில் அது இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

அடுத்தது வீடு. கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வீதம், வைத்திராத ஆண்களைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. எல்லா வழிகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஆண்களில் 3 மடங்குக்கு மேல், பெண்களில் 7 மடங்கு. திருடனை மட்டும் நினைத்து வாங்குபவர்களுக்கு இது நினைவிலேயே இருப்பதில்லை. வீட்டில் மனச்சோர்வில் இருப்பவரோ, குடிப்பழக்கம் உள்ளவரோ, முன்கோபியோ இருந்தால் வாங்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு வர வேண்டிய வேலை போனாலும் பரவாயில்லை. அப்படிப்பட்ட வீட்டில் உறுதியான கதவு, நல்ல தாழ்ப்பாள், வெளிவிளக்கு, அலாரம் இவற்றுக்குச் செலவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவது என்றால், உரிமமும் பெயர்மாற்றமும் சட்டப்படி முடியட்டும். வரிசை எண் அழிக்கப்பட்டதை விலைகூடக் கேட்காதீர்கள். பூட்டுப் பெட்டகத்துக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். முடிந்தால் பணம் கொடுக்குமுன், நீங்கள் போடப்போகும் அதே தோட்டாவை ஒரு பயிற்சி மைதானத்தில் சுட்டுப் பாருங்கள். சூடான உறைகள் அறையில் ஒட்டிக்கொள்கின்றனவா என்று அங்கேதான் தெரியும்.