நீலச் சாயம் இல்லாத நீலவால்

ஐப்பசி வாக்கில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் குளத்தங்கரைக்கு வண்ணப் பெட்டியோடு போனால், மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் பறவைகள் உட்கார்ந்திருக்கும். பங்குனி வெயிலில் கிளம்பிவிடும் விருந்தாளிகள். ஒரு தட்டான் பறந்தால் போதும். பாய்ந்து பிடித்து, அதே கம்பிக்குத் திரும்பி, நாலு அடி அடித்து விழுங்கிவிடும். விட்ட இடத்துக்கே திரும்பி வருவதால், பாதியில் நின்ற கோட்டைத் தொடரலாம். வரையப் பழகுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான பறவை இல்லை.

உருவம் எனக்குச் சீக்கிரமே வசப்பட்டது. வாலின் நீலம்தான் வரவில்லை. அல்ட்ராமரின், கோபால்ட் என்று எந்த நீல வண்ணத்தைத் தொட்டாலும், தாளில் சாயம் போன லுங்கிதான் தெரிந்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது: அந்த வாலில் நீலச் சாயமே கிடையாது.

நம் நகத்தைப் போலவே இறகும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நீல இறகின் இழைக்குள் அந்தக் கெரட்டின் பஞ்சு மாதிரி துளைதுளையாக இருக்கும், துளைகளில் காற்று. ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவோ, துளைகளுக்கு இடையே ஏறக்குறைய அவ்வளவு தூரம். அந்த அளவில் பட்டுச் சிதறும் நீல அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன. மற்ற நிறங்கள் உள்ளே இறங்க, அடியில் இருக்கும் மெலனின் என்ற கருப்பு நிறமி அவற்றை விழுங்கிவிடுகிறது. அந்தக் கருப்பு இல்லாவிட்டால் நீலம் வெளிறிப்போகும். இறகை இடித்துப் பொடியாக்கினாலோ, பஞ்சு உடைந்து நீலமே காணாமல் போகும். மயிற்பீலியின் மினுக்கமும் கட்டமைப்பு செய்யும் வேலைதான், ஆனால் அங்கே அடுக்கு முறை வேறு.

பச்சை இன்னும் வேடிக்கை. பெரும்பாலான பச்சைப் பறவைகளில் இதே நீலக் கட்டமைப்பின் மேல் மஞ்சள் நிறமி படிந்திருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் பஞ்சுருட்டானின் முதுகுக்குப் பச்சையைக் குழைப்பதில்லை. நீலத்தைப் பூசிக் காயவிட்டு, மேலே நீர்த்த மஞ்சளை ஒரு தடவை ஓட்டுகிறேன். பனிக்காலையில் தாள் காய நேரமாகும், பரவாயில்லை. கண்பட்டையின் கருப்பை நன்றாக அழுத்திவிட்டால் பக்கத்து நீலம் தானே எடுப்பாகத் தெரியும்.

உட்காரும் இடமும் முக்கியம். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் பார்த்தால் இத்தனை அழகும் கரிக்கட்டைதான்.

அதே மாவட்டத்துப் புத்தளம் உப்பளப் பக்கம் பூநாரை வந்தால் கணக்கே வேறு. அதன் இளஞ்சிவப்பு நிஜமான சாயம். பாசியிலும் உப்புநீர்ச் சிற்றிறாலிலும் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறமி இறகில் சேர்வதால் வருவது. குஞ்சு சாம்பல் நிறம்தான். சிவக்கச் சில வருஷம் ஆகும். சிறகின் பறக்கும் இறகுகள் கருப்பு. மெலனின் இறகைத் தேயவிடாமல் காப்பதால், நெடுந்தூரம் பறக்கும் பல பறவைகளுக்கு அந்த இடம் கருப்பாகவே அமைந்திருக்கிறது. பூநாரைக்கு என் பெட்டியில் இருப்பதே போதும்.

பஞ்சுருட்டானுக்குத்தான் போதாது. நம் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை, பறவைகளுக்கு நான்கு. நமக்குத் தெரியாத புற ஊதாவும் அவற்றுக்குத் தெரியும், நீல இறகுகள் பலவும் அதைத் திருப்பி அனுப்புகின்றன. கம்பியில் பக்கத்தில் இருக்கும் இணை அந்த வாலை எப்படிப் பார்க்கிறதோ, அந்த நிறத்துக்கு எந்தக் கடையிலும் வண்ணக் கட்டி கிடையாது.