கைக்கு ஒரு வேலை வேண்டும்

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருட்டினதும் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கும். உள்ளே புழுக்கம், போனில் சார்ஜ் இல்லை. அலுமாரிக்குப் பின்னால் கிடந்த கரம் பலகையை நானும் தங்கச்சியும் தூசி தட்டி எடுத்து வந்து நடைபாதையில் வைத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்களின் அம்மம்மாவும் வந்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில் அம்மம்மா சிவப்புக் காயைப் போட்டபோது எழுந்த சத்தம் கீழ்மாடி வரை கேட்டிருக்கும்.

மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியதும் பலகை திரும்ப அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது. கரம் யாருக்கும் அலுக்கவில்லை. ஆனாலும் இரவானால் ஒவ்வொருவர் கையிலும் போன். மனதுக்கு இவ்வளவு பிடித்த ஒன்றை விட்டுவிட்டு, அரைமணி நேரம் பார்த்த பிறகு என்ன பார்த்தோம் என்றே ஞாபகம் இல்லாத ஒன்றுக்கு ஏன் கை போகிறது?

பிடித்திருப்பதால்தான் ஒன்றைத் தேடிப் போகிறோம் என்று நினைக்கிறோம். மூளையில் பிடிப்பதும் தேடுவதும் வேறு வேறு ஏற்பாடுகள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நரம்பியலாளர் கென்ட் பெரிட்ஜ் இதை எலிகளில் காட்டினார். மூளையில் டோபமின் என்ற இரசாயனம் அநேகமாக முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவு பக்கத்தில் இருந்தும் சாப்பிடாமல் கிடந்தன. அதே எலிகளின் வாயில் இனிப்பு நீரை விட்டபோது மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சுழற்றிச் சுவைத்தன. ருசி அப்படியே இருந்தது, எழுந்து போய் எடுக்கவைக்கும் உந்துதல் மட்டும் போய்விட்டது. டோபமினை இன்பம் தரும் இரசாயனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். "போய் எடு" என்று தள்ளுவதுதான் அதன் பெரிய வேலை.

அந்தத் தள்ளல் எப்போது வலுக்கிறது? நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்கு ஓர் அடையாளத்தைக் காட்டி, பிறகு பழரசம் கொடுத்தார். ஆரம்பத்தில் ரசம் கிடைக்கும்போது டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. பழகிய பிறகு அடையாளத்தைக் கண்டதுமே துடித்தன. எதிர்பார்த்த நேரத்தில் ரசம் வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. 2003இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒன்றைச் சொன்னது: ரசம் கிடைக்குமா கிடைக்காதா என்பது பாதிக்குப் பாதி என்ற நிலையில், அடையாளத்துக்கும் ரசத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்த அணுக்களின் துடிப்பு மிக அதிகமாக ஏறியது. நிச்சயமின்மையே ஓர் இழுப்பு.

போனில் விரலை மேலே தள்ளும்போது நடப்பதும் இதுதான். ஒரு தள்ளலில் லண்டனில் இருக்கும் மச்சாளின் கல்யாணப் படம் வரும், அடுத்த பத்தில் முகம் தெரியாத ஆட்களின் சண்டை வரும்.

சரி, கரத்திலும் நிச்சயமின்மை உண்டே? ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் காய் விழுமா விழாதா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது நன்றாக இருக்கிறது. ஆனால் கரத்தில் காய்கள் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. எழும்பித் தண்ணீர் குடிக்கலாம், படுக்கப் போகலாம். போனில் அந்த முடிவை எடுத்துவிட்டார்கள். பக்கத்தின் அடி வரவே வராதபடி தானாக நிரம்பிக்கொண்டே போகும் அமைப்பை 2006இல் உருவாக்கியவர் அஸா ரஸ்கின். பிற்காலத்தில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அடுத்தது கையின் விஷயம். நூறாம் இலக்க பஸ் காலி வீதியில் கொள்ளுப்பிட்டியில் நெரிசலில் நின்றதும் என் கை பைக்குள் போகிறது. நான் போகச் சொல்லவில்லை. மாஸசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆன் கிரேபியலின் குழு எலிகளை ஒரு வழித்தடத்தில் ஓடப் பழக்கியது. மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதி உண்டு. ஆரம்பத்தில் ஓட்டம் முழுக்கவும் அங்கே நரம்பணுக்கள் துடித்தன. பழகப் பழக, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பலமான துடிப்பு மிஞ்சியது. ஓட்டம் முழுவதும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டுவிட்டது. தொடங்கினால் மிச்சம் தானாக நடக்கும். அதனால் "இனித் தொடமாட்டேன்" என்று இரவில் எடுக்கும் உறுதி காலையில் பஸ்ஸில் உதவுவதில்லை. பஸ் நிற்பது என்ற அடையாளம் அப்படியே இருக்கிறது, கையும் அப்படியே சும்மா இருக்கிறது.

நகம் கடிப்பது போன்ற பழக்கங்களுக்காக அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட முறை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. கடிக்கத் தோன்றும் கணத்தில், கடிக்கவே முடியாதபடி கைக்கு வேறு வேலை கொடு, உதாரணமாக விரல்களை இறுக்கி மூடு என்றார்கள். பழைய பழக்கத்தோடு மல்லுக்கட்டாமல் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான் யோசனை. 2012இல் இங்கிலாந்தில் ஜாக்கி அன்ட்ரேட் குழுவினர், சொக்லட்டுக்கு ஏங்குபவர்களிடம் களிமண் உருவங்கள் செய்யக் கொடுத்தார்கள். ஏக்கம் குறைந்தது. ஒன்றுக்கு ஏங்கும்போது அதன் படம் மனத்திரையில் ஓடுகிறது. கையால் உருவம் பிடிக்கும் வேலைக்கும் அதே மனத்திரைதான் வேண்டும். இரண்டுக்கும் அங்கே இடம் போதாது.

இதைப் படித்த பிறகுதான் தங்கச்சி குரோஷே பின்னத் தொடங்கியது எனக்கு விளங்கியது. புறக்கோட்டையில் வாங்கிய ஒரு நூல்பந்தும் ஒரு கொக்கி ஊசியும் அவளுடைய பையில் போன் இருந்த அறையில் இருக்கின்றன, போன் அடியில் கிடக்கிறது. பஸ் நின்றதும் கை போகும், ஊசி அகப்படும். பின்னலுக்கு இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும், ஒரு வரிசை முடிந்தால் நிறுத்தவும் ஓர் இடம் கிடைக்கும்.

எல்லோரும் முதலில் சொல்வது புத்தகம். எனக்கும் வாசிப்பு உயிர். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கழித்த பின்னேரங்களுக்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன். ஆனால் போனிலிருந்து விலகும் முதல் வாரத்தில் புத்தகம் கஷ்டம். கை சும்மா இருக்கிறது, பக்கத்தில் போனும் இருக்கிறது. முதலில் கை வேலை, அப்புறம் புத்தகம் என்பது என் அபிப்பிராயம். படம் கீறத் தெரிந்தவர்களுக்குக் கொழும்பைவிட நல்ல ஊர் உண்டா? ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் இது. கால்வாய்க்கரையில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும், ஒரு பென்சிலுக்கு அவகாசம் கொடுத்து.

முதல் நாட்களில் வெறுமையாக இருக்கும். ரசம் வராத குரங்கின் துடிப்பு கீழே இறங்கியதே, அதைப் போன்ற ஒன்று என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். புதிய பழக்கம் ஒட்ட எத்தனை நாள்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார். சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய நட்டம் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

எங்கள் கரம் பலகை இப்போது நடைபாதையில், ஸ்டூலின் மேல், பவுடர் டப்பாவோடு நிரந்தரமாக இருக்கிறது. போன்கள் ஒன்பது மணி வரை குசினியில். நேற்று அம்மம்மா சிவப்பைப் போட்டார். கூடவே போடவேண்டிய காய் குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. இன்றைக்கு ஏழரைக்கே வரச் சொல்லியிருக்கிறார்.